ஸ்டெப்னி இல்லாத கார்

"பத்தரைக்குள்ள அங்க இருக்கணும் விஷ்ணு. ஞாபகம் இருக்குல்ல?" என்றாள் லாவண்யா.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில், பருத்திப்பட்டு தாண்டி, துலுக்கானத்தின் பஞ்சர் கடை வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது. அவள் ஜரிகைக் கரை போட்ட புடவையில் இருந்தாள். அவன் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். பார்க்கிறவர்களுக்கு முகூர்த்தத்துக்குக் கிளம்பிய ஜோடி என்றுதான் தோன்றும்.

டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஏதோ ஒரு சக்கரத்தில் காற்று இறங்குகிறது என்று சொல்லும் விளக்கு அது. எந்தச் சக்கரம் என்று மட்டும் சொல்லாது. அத்தனை விலை கொடுத்து வாங்கிய காருக்கு அவ்வளவுதான் புத்தி.

துலுக்கானம் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். "நாலும் கல்லு மாரி நிக்குது சார். எதுல எறங்குதுன்னே தெர்லியே."

"ரன் ஃபிளாட் டயர்ண்ணா. காத்து போனாலும் சப்பையாகாது" என்றான் விஷ்ணு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆசைப்பட்டு, போன வருஷம்தான் செகண்ட் ஹேண்டில் அந்த ஜெர்மன் காரை வாங்கியிருந்தான். இந்த நிலைமையிலும் குரலில் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது.

லாவண்யா இறங்கிப் போய்ப் பின்பக்க இடது சக்கரத்தின் அருகில் நின்றாள். "எதுலேர்ந்தாவது ஆரம்பிங்கண்ணா."

அவள் நின்ற இடத்திலிருந்தே அவர் ஆரம்பித்தார். ஜாக்கி வைத்துத் தூக்கி, சோப்புத் தண்ணீர் ஊற்றிச் சக்கரத்தைச் சுற்றியதும் நுரை கொப்பளித்தது. ஒரு ஸ்க்ரூ தலைவரைக்கும் ஏறியிருந்தது.

"ஒட்டிடலாமாண்ணா?" என்றான் விஷ்ணு.

துலுக்கானம் டயரின் பக்கவாட்டை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். "இம்மாந் தடிமனா கீது. இத்த கழட்டவே என்னாண்ட மெஷின் இல்ல. காத்து இல்லாம ஓடிகினு வந்து உள்ள பிஞ்சிருந்தா வெளிய தெரியாது சார். நான் ஒட்டி, நீங்க ஸ்பீடா போசொல்ல வெடிச்சா இன்னா பண்றது? ஸ்டெப்னிய எடுங்க, மாத்திடலாம்."

"இதுல ஸ்டெப்னியே கிடையாதுண்ணா."

"ஸ்டெப்னி இல்லாம ஒரு காரா?" என்றாள் லாவண்யா.

விஷ்ணு அம்பத்தூரில் ஒரு டயர் கடைக்குப் போன் போட்டான். பஞ்சர் போட்டுத் தர மாட்டோம், புதுசுதான் என்றார்கள். ஒன்று இருபத்தாறாயிரம், அதுவும் ஸ்டாக்கில் இல்லை, ஆர்டர் போட்டால் ஒரு வாரம் ஆகும், போடுவதானால் ஜோடியாகப் போடுங்கள் என்றார்கள். அவன் போனை வைத்துவிட்டுக் கடையிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். ஒரு திருகாணிக்கு அரை லட்சமா என்று வயிறு எரிந்தது.

துலுக்கானத்துக்கே பாவமாக இருந்தது. "கல்யாணத்துக்காம்மா போறீங்க?"

"கோர்ட்டுக்கு."

"சாட்சி சொல்லவா?"

"எங்க விவாகரத்துக்கு" என்றான் விஷ்ணு.

துலுக்கானம் ஜாக்கியை இறக்குவதில் மும்முரமானார்.

இன்றைக்குக் கடைசி நாள். இருவரும் நேரில் நின்று சம்மதம் என்று சொன்னால் முடிந்தது. ஒருவர் வராவிட்டாலும் வாய்தாதான். பிரிவதற்குப் பெரிய காரணம் என்று ஒன்றும் இல்லை. சின்னச் சின்னக் கோபத்தில் அவள் அப்பாவின் ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்குப் போனாள், அவன் கூப்பிடுவான் என்று அவளும், அவளே வருவாள் என்று அவனும் ஒன்றரை வருஷம் இருந்துவிட்டார்கள். அதற்குள் இரண்டு வீட்டாரும் வக்கீலும் நுழைந்தாயிற்று. இனி விவாகரத்து வேண்டாம் என்று யார் முதலில் சொல்வது?

காலையில் அவளேதான் போன் செய்தாள். ஆட்டோ கிடைக்கவில்லை, வரும் வழியில் ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். போனவனுக்கு மாமியார் பழக்கதோஷத்தில் காபி கொடுத்தார். அவன் குடித்துவிட்டு வரும்வரை லாவண்யா கீழே காரின் பக்கத்திலேயே காத்திருந்தாள்.

"ஆட்டோ புடிச்சித் தரட்டா சார்?" என்றார் துலுக்கானம்.

"வேணாம்ணா. காத்தே இல்லன்னாலும் எண்பது கிலோமீட்டர் ஓடும். பூந்தமல்லி இதோ இருக்கு."

லாவண்யா நிமிர்ந்து பார்த்தாள். "ஓடுமா? அப்ப எதுக்கு இங்க நிறுத்தின?"

"டயர் பொழைக்குமான்னு பாத்தேன். இப்படியே ஓட்டினா சுத்தமா போயிடும். எப்படியும் மாத்தத்தான் போறோம், போனாப் போகட்டும். ஏறு."

"வழில எங்கயும் நின்னுடாதா?"

"நிக்காது. அதுக்குத்தானே இவ்ளோ காசு வாங்கறான்."

காடுவெட்டியைத் தாண்டினார்கள். பூந்தமல்லி நெருங்க நெருங்க விஷ்ணுவுக்கு வண்டி எங்காவது படுத்தால் தேவலை போலிருந்தது. அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனது.

கோர்ட் இருக்கும் தெருவுக்குள் திருப்பினான். ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக, "உன்ன லேட் பண்ணிட்டேன், சாரி" என்றான்.

லாவண்யா ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னாள்.

"ஸ்க்ரூ வெச்சா வண்டி நின்னுடும்னு நெனச்சேன்."