ஃபிளாப்பிக்கு வைத்த பொட்டு

'டிஐஆர் ஏ' என்று அடித்து என்டரைத் தட்டினாள் மகாலட்சுமி. ஃபிளாப்பியைப் படிக்க முடியவில்லை என்றது திரை. மறுபடி முயல 'ஆர்' தட்டினாள். அதே பதில். பத்துத் தடவையாவது தட்டியிருப்பாள். டாஸ் பரீட்சைக்கு இன்னும் இருபது நிமிடம்தான்.

"ஃபிளாப்பியை என்னம்மா பண்ணினே?" என்று வந்து நின்றார் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஸ்ரீவர்தன் சார்.

"நேத்து ஆயுத பூஜை சார். அம்மா தறியில நூல் ஓட்டுற நாடாவோட சேத்து இதுக்கும் சந்தனம், குங்குமம் வெச்சிட்டாங்க. நான் உடனே தொடச்சிட்டேன் சார்."

வகுப்பே சிரித்தது.

"கம்ப்யூட்டர் படிக்கிற வீட்ல பண்ற காரியமா இது? ஒரு தூசி உள்ள போனாலே மெஷின் படுத்துடும். நீ பரீட்சை எழுத வேண்டாம், எழுந்திரு!"

மகாலட்சுமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மெஷின் கெட்டுவிட்டதா என்று பார்க்க, சார் சீல் பிரிக்காத புது ஃபிளாப்பி ஒன்றைப் பிரித்துச் செருகினார். அதையும் மெஷின் படிக்கவில்லை. பக்கத்து மெஷினில் செருகினார். அங்கேயும் இல்லை. வேர்த்துக் கொட்ட, ஆறு மெஷினிலும் செருகிப் பார்த்தார்.

கடைசியில் அவர் உருவியெடுத்த புது ஃபிளாப்பியின் முனையில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன.

சட்டென்று அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "பரீட்சை நாளைக்கு. எல்லாரும் கிளம்புங்க" என்றார்.

மகாலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நேத்து சென்டர் லீவாச்சே சார். சாவி உங்ககிட்டதான இருந்துது?"