குடோன் சிஸ்டம்

மூன்றாவது தடவையாகத் திரையில் 'குடோன்' என்ற பெயர் வந்து உட்கார்ந்தது.

ஏஞ்சல் மேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பத்து நிமிடமாகிறது, ஒரு வாய் வைக்க முடியவில்லை.

நெட்டப்பாக்கம் தாண்டி இருக்கிற அந்த அரிசி மில்லுக்குக் கணக்கு ஃபைல் ஒன்றே ஒன்றுதான். அது அவளுடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. எடைமேடையில் இருப்பவரும் குடோனில் இருப்பவரும் கேபிள் வழியாக அதே ஃபைலைத் திறந்து மூட்டைக் கணக்கு ஏற்றுவார்கள். யார் யார் திறந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் அவள் திரையில் ஓரமாகத் தெரியும். அவர்கள் இரண்டு நிமிடம் எதுவும் அடிக்காமல் இருந்தால் பெயர் தானாகவே மறைந்துவிடும்.

நாளாக ஆக, குடோனில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கவும் அந்தப் பட்டியலே போதும் என்றாகிவிட்டது. வேகாத வெயிலில் யார் அவ்வளவு தூரம் நடப்பது?

ஆனால் இன்று அங்கே யார் இருக்க முடியும்? பதினோரு மணிக்கே மூட்டைகளுக்கு நடுவே பூச்சி மாத்திரை வைத்து, ஷட்டரை இறக்கிப் பூட்டி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டியாயிற்று. அந்த மாத்திரையிலிருந்து கிளம்பும் விஷக்காற்று வண்டையும் விடாது, மனிதனையும் விடாது. இனி திங்கட்கிழமைதான் திறப்பார்கள்.

கம்ப்யூட்டரை அணைக்காமல் போயிருப்பார்கள், அதுவாக வந்து ஒட்டிக்கொள்கிறது என்றுதான் முதல் இரண்டு தடவையும் நினைத்தாள். பேக்கப் எடுத்த கையோடு ஃபைலைச் சரிபார்க்க வேண்டும். அதற்கு அவள் ஒருத்தி மட்டுமே ஃபைலில் இருக்க வேண்டும்.

சனியனே என்று திட்டிக்கொண்டு, பெயரின்மேல் ஒரு தட்டு தட்டி வெளியே தள்ளினாள். அந்தப் பக்கம் யாராவது எதையாவது பாதி அடித்திருந்தால் அது அப்படியே அழிந்துபோகும்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடியும் 'குடோன்'.

இந்த முறை கை நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் அணையாமல் கிடக்கலாம். பாஸ்வேர்டை அதுவாகவா அடிக்கும்?

மேஜையில் ஒரு போன் அடித்தது. அவளுடையது இல்லை. குடோனுக்குப் போகிறவர்கள் போனை அவள் மேஜையில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், மேனேஜர் உத்தரவு. ஆடிட்டர் கேட்ட காகிதக் கட்டுக்கு அடியில் கிடந்த அது, குடோன் கிளார்க் பிரிட்டோ அண்ணனுடையது. எடுத்தாள். அவர் மனைவி.

"ஏஞ்சலா? அவுரு இன்னும் சாப்ட வூட்டுக்கு வரலடி. வண்டி அங்கதான் நிக்குதா பாரேன்."

ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், வண்டி நின்றது.

குடோனின் கடைசி மூலையில் கம்ப்யூட்டருக்கென்று ஒரு சின்ன அறை. தூசிக்குப் பயந்து அதன் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். பேக்கப் ஓடும்போது யாரும் ஃபைலைத் திறக்க முடியாது என்பதால், பிரிட்டோ அண்ணன் அந்த நேரத்தில் நாற்காலியிலேயே ஒரு தூக்கம் போட்டுவிடுவார். அதைச் சொல்லி அவரை எத்தனையோ நாள் கேலி செய்திருக்கிறாள். மாத்திரை வைக்க வந்தவர்களோ வெளியூர் ஆட்கள். மில் ஓடும் இரைச்சலில் ஷட்டரைத் தட்டினால் யாருக்குக் கேட்கும்?

காலையில் மேனேஜர் பலராமன் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

"குடோன்ல யாரும் இல்லல்ல? ஷட்டர எறக்கச் சொல்லிடட்டா?"

பட்டியலில் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது. இல்லை சார் என்று தலையாட்டினாள்.

அதற்கு ஒரு நிமிடம் முன்புதான், பேக்கப் எடுப்பதற்காக, பட்டியலில் இருந்த எல்லோரையும் அவள் வெளியே தள்ளியிருந்தாள்.

சாவி, குடோன் சாவி என்று அலறிக்கொண்டு எழுந்தாள். டப்பா கவிழ்ந்து சோறு தரையெல்லாம் சிதறியது. மேனேஜர் அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

வாசலிலிருந்து ஒருமுறை திரையைத் திரும்பிப் பார்த்தாள். பட்டியலில் 'குடோன்' இல்லை.

இந்த முறை அவள் தட்டவில்லை.