மணி கழற்றிய மாலை

ஒரு பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் வெண்கல மணி ஒன்று தொங்கியது. பள்ளியின் ஐம்பதாம் ஆண்டு விழாவன்று அதற்குச் சம்பங்கி மாலை போட்டார்கள். மேடையில் பள்ளிக்காக உழைத்தவர்களை ஒவ்வொரு பெயராக வாசித்துப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பூ மணத்தில் மணிக்குக் கண் சொக்கியது. தினமும் அதன் கயிற்றை இழுத்து அடிப்பவள் ஆயா. வகுப்பறைகளைப் பெருக்குவதும், விழுந்து அழும் பிள்ளைகளைத் தூக்கிவிடுவதும் அவள்தான். இப்போது மரத்தடியில் யாரோ சிந்திய டீயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆயா பேரை வாசிச்சாச்சா?" என்று மணி கிளையிலிருந்த அணிலைக் கேட்டது.

"கடைசிப் பேரும் முடிஞ்சுபோச்சு. அதுல அவ பேரு இல்ல."

மணிக்கு மாலை கனத்தது. "இந்த மாலை நாரைக் கொஞ்சம் கடிச்சு விடேன்."

"மறுபடி எந்தக் காலத்துல உனக்கு மாலை போடப்போறாங்க?"

"பரவாயில்ல, கடி."

அணில் கடித்தது. மாலை கனவில் மிதப்பதுபோல் மெல்ல இறங்கி ஆயாவின் தோளில் விழுந்தது. கூட்டமே திரும்பிப் பார்த்தது.

தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்தார். "நம்ம ஆயா..." என்று தொடங்கியவருக்கு மேலே பெயர் தெரியவில்லை.

"பவளக்கொடி!" என்று ஒன்றாம் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று கத்தியது.

காற்று வந்து உலுக்கியும், மணி நாக்கை அசைக்காமல் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தது.