நேர்ந்து வைத்த தேங்காய்

டென்மார்க்கின் ஓகூஸில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. குசினி மேசையில் சாய்த்து வைத்த ஐபாட்டுக்குள் மட்டும் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக் காலை வெயில் அடிக்கிறது. செல்வமலர் கண் வெட்டாமல் பார்த்திருக்கிறாள். அடிமட்டம் வைத்துக் கீறின எல்லைக்குள் சோளவயலைத் தவிர வேறொன்றுமில்லாத கவுண்டி, அந்த ஊர் மாவட்டம், அது. ஒரு காலத்தில் இதே டென்மார்க்கிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் உழுத மண். அந்தக் கவுண்டிச் சபையின் முன்னால் மகன் சுபாங்கன் காற்றாலை நடுவதற்கு அனுமதி கேட்டு நிற்கிறான். கிடைத்தால் அங்கேயே இருந்துவிடுவான். கிடைக்காவிட்டால் கம்பனி அவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடும். அப்படி அனுப்பினால் உடைப்பதாக நேர்ந்த தேங்காய், மஞ்சள் பூசியபடி பிள்ளையார் படத்தடியில் இருக்கிறது.

“பெத்த பிள்ளை தோக்கவேணுமெண்டு நேர்த்தி வைச்ச தாய் உலகத்திலை நீ ஒருத்திதான்,” என்கிறார் புருஷன் குணசேகரம். “நீங்கள் மட்டும் அவன் வெல்லவேணுமெண்டோ இருக்கிறியள்?” என்கிறாள். அவர் ஐபாட்டின் சத்தத்தைக் கூட்டுகிறார். திரையில், தொப்பி போட்ட கிழவர் ஒருவர் யோசித்து யோசித்துக் கடைசிக் கையாகத் தன் கையைத் தூக்குகிறார். தீர்மானம் நிறைவேறுகிறது. சுபாங்கன் வாயெல்லாம் பல்லாக எல்லாருக்கும் கை கொடுக்கிறான். கொஞ்ச நேரத்தில் போன் அடிக்கிறது. “அம்மா, வெண்டிட்டம்!” “எல்லாம் பிள்ளையாற்ரை கிருபை, ராசா,” என்கிறாள் செல்வமலர், தேங்காயின் மஞ்சளைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவிக்கொண்டே.