முப்பத்தெட்டாவது படம்

திரையில் லாரி நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டிருந்தாள்.

நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் ஒரு பெண் நிற்கிறாள். கையில் டிபன் கேரியர். லாரி ஓட்டி வருவது அவளுடைய கணவன். ஒன்பது நாளைக்கு ஒருமுறை இந்த வழியாகப் போகிறான். வீட்டுக்கு வர நேரமில்லை. சோதனைச்சாவடிக்கு முன்னால் உள்ள வேகத்தடையில் வண்டி கொஞ்சம் மெதுவாகும். அதற்குள் சாப்பாட்டை நீட்டிவிட வேண்டும்.

ஹாரன் அடித்தது.

மின்சாரம் போய்விட்டது.

"அய்யோ!"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மூன்று நாளில் நடுவர்கள் மூவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

திருச்சியில் குறும்பட விழா. போட்டிக்கு முப்பத்தெட்டுப் படங்கள். இது கடைசி. நடுவர் குழுத் தலைவர் இயக்குநர் ஞானப்பிரகாசம். அடுத்து, ஒளிப்பதிவாளர் சபீனா. மூன்றாவது அவள், நடிகை.

முப்பது வருடம் திரையில் அழுத அம்மா. கிளிசரின் கேட்டதே இல்லை.

இந்த வருடம் முதல் பரிசு யாருக்கும் கிடையாது என்று காலையிலேயே சொல்லிவிட்டார் ஞானப்பிரகாசம். ஒரு படமும் தேறவில்லையாம். சபீனா சண்டை போட்டுப் பார்த்தாள். மூன்றாவது நடுவரான அவளிடம் அவர் கருத்து ஒன்றும் கேட்கவில்லை.

டீ வேணுமா என்று மட்டும் கேட்டார்.

"பத்தே நிமிஷம் சார், ஜெனரேட்டர் போட்டுடறோம்" என்று விழாக்காரர் ஒருவர் வெளியே ஓடினார்.

இருட்டில் ஞானப்பிரகாசத்தின் குரல் வந்தது.

"லாரி நிக்காது. தூசி அடங்கும். கேரியர் அந்தப் பொண்ணு கையிலயே இருக்கும். அதோட படம் முடிஞ்சுது."

"எல்லாப் படத்தையும் உங்க படமாவே பாக்குறீங்க சார்" என்றாள் சபீனா. "லாரியில பக்கத்து சீட்ல வேற ஒருத்தி உக்காந்திருப்பா. வேணா பாருங்க."

கேட்டுக்கொண்டிருந்த நடிகைக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க."

இருவரும் சும்மா இருந்தார்கள். தன் குரலா அது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

எழுந்தாள். இருக்கைகளுக்கு நடுவே இருந்த வழிக்கு வந்தாள்.

"அவ ஓடுவா சார். ஒம்போது நாள் காத்துக் கெடந்தவ எதுக்கு நின்னுட்டு இருக்கணும்? இதோ, இப்படி ஓடுவா."

செருப்பைக் கழற்றினாள். சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டாள். கைப்பையைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தாள்.

ஓடினாள்.

அறுபத்திரண்டு வயது. எந்த இயக்குநரும் அவளை ஓடச் சொன்னதில்லை. உட்காரச் சொன்னார்கள், விழச் சொன்னார்கள்.

சபீனா போனை எடுத்து வெளிச்சத்தை அவள்மேல் பிடித்தாள். பழக்கதோஷம்.

"அவனும் வண்டிய நிறுத்திடுவான்" என்றாள் ஓடியவள், மூச்சு வாங்க. "ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் எறங்கி வருவான்."

விளக்கு வந்தது. விட்ட இடத்திலிருந்து படத்தை ஓடவிட்டார்கள். அவள் உட்காரவில்லை.

திரையில் லாரிக்காரனின் மனைவி ஓடினாள். சேலை ஒரு கையில். கேரியர் மறு கையில், தலைக்குமேல்.

சபீனா விசில் அடித்தாள்.

ஆனால் லாரி நிற்கவில்லை. ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு கேரியரை வாங்கியது. அதே கை, போன தடவை கொண்டுபோன கேரியரைத் திருப்பிக் கொடுத்தது. பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. வண்டி போய்விட்டது.

"சொன்னேன்ல" என்றார் ஞானப்பிரகாசம்.

லாரிக்காரனின் மனைவி திரும்பி நடந்தாள். நான்கடி வைத்தாள். நின்றாள். காலிக் கேரியர் கனத்தது.

திறந்தாள்.

தக்காளி சாதம். கீழ் அடுக்கில் உருளைக்கிழங்கு வறுவல், ஓரமெல்லாம் கருகி.

வழியில் எங்கோ வண்டியை ஓரங்கட்டி, மனைவிக்காக அவன் சமைத்திருக்கிறான்.

இரண்டு பக்கமும் வண்டிகள் பறக்க, நடுத்திட்டில் நின்றபடியே ஒரு வாய் எடுத்து வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். உப்பு அதிகம். சிரித்தாள். அடுத்த வாயை எடுத்தாள்.

படம் முடிந்தது.

பிறகு ஒரு சத்தம். ஞானப்பிரகாசம் இருமுகிறார் என்று நினைத்தாள்.

சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மூணு பேரும் எத்தன வருஷமா கதை கேக்குறோம். அவன் சமைப்பான்னு ஒருத்தருக்கும் தோணலயே!"

"எனக்கே தோணல சார்" என்றாள் சபீனா. அவளும் சிரித்தாள்.

ஞானப்பிரகாசம் இருக்கையில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"மேடம், நீங்க சொல்லுங்க. முதல் பரிசு குடுத்துடலாமா?"

"குடுக்காம நீங்க இந்த எடத்த விட்டு எந்திரிச்சுடுவீங்களா?"

சபீனா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

தாளில் ஒரே ஒரு பெயர் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்தபோது வெயில் நன்றாகவே இருந்தது. ஞானப்பிரகாசம் படியோரம் ஒதுங்கி, தஞ்சாவூரில் இருக்கும் மனைவிக்குப் போன் செய்தார்.

"ஏழு மணிக்கெல்லாம் வந்துடுவேன். ராத்திரிக்கு நீ ஒண்ணும் பண்ணாத."

கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்ல, ஓட்டல்ல வாங்கல."

மறுபடி கேட்டார். தொண்டையைச் செருமினார்.

"அதான் சொல்றேன்ல. நான் வந்து..."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

போனில் மனைவி சிரித்த சிரிப்பு நான்கு படி தள்ளி நின்ற அவளுக்கும் கேட்டது.