காதுள்ள கட்டி

“மாதவிடாய் நின்னு வருஷக்கணக்காச்சு. அதுக்கப்புறம் ரத்தம் பட்டா ஓடி வர வேண்டாமா? இத்தனை மாசமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

டாக்டரம்மா கேட்டது நோயாளியை. பதில் சொன்னது நோயாளியின் அக்கா.

“எங்க மாப்பிள்ளையைக் கேளுங்க டாக்டர். பொண்டாட்டி எக்கேடு கெட்டா எனக்கென்னன்னு இருந்துட்டார். இப்பவும் பாருங்க, கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருக்கிறதை!”

மாப்பிள்ளை, சுவரில் மாட்டியிருந்த கருப்பைப் படத்தைப் பரீட்சைக்குப் படிப்பவர் போல் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

கருப்பையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு இன்று வர வேண்டும். பரவுமோ பரவாதோ என்ற பயத்தில், ஆபரேஷன் ஆனதிலிருந்து தங்கைக்குத் தூக்கமே இல்லை.

“அதுல என்னதான் பார்ப்பீங்க டாக்டர்?” என்று கேட்டாள் தங்கை.

“கருப்பையோட உள்சுவர்ல வந்த புற்று இது. அந்தச் செல்கள்ல ஹார்மோன் ஏற்பிகள் இருக்கான்னு பார்ப்போம். காதுன்னு வச்சுக்குங்களேன். காது இருந்தா பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். திரும்பித் தலைகாட்டினாலும் ஹார்மோன் மருந்து சொன்னா கேட்க வாய்ப்பு உண்டு. காது போயிட்டா, யார் பேச்சும் கேட்காம ஊர் சுத்தக் கிளம்பிடும்.”

“எங்க மாப்பிள்ளை மாதிரின்னு சொல்லுங்க” என்றாள் அக்கா.

டாக்டரம்மா சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தார். மாப்பிள்ளை படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கதவு திறந்தது. நீண்ட லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்த நர்ஸ், பரிசோதனை முடிவோடு உள்ளே வந்தாள்.

“அட, சார்! ஒருவழியா அம்மாவைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?”

அக்கா நிமிர்ந்தாள். “இவரை உனக்குத் தெரியுமா?”

“தெரியாமலா? அம்மா பேர்ல டோக்கன் போட்டுட்டு, அத்தனை பொம்பளைங்களுக்கு நடுவுல ஒத்தை ஆம்பளையா நெளிஞ்சுகிட்டு உட்கார்ந்திருப்பார். நம்பர் கூப்பிட்டதும், ‘இன்னிக்கும் வர மாட்டேன்னுட்டா சிஸ்டர், அடுத்த தடவை கண்டிப்பா’ன்னு அசடு வழிவார். எத்தனை தடவை! நாங்க வச்ச பேரே ‘அடுத்த தடவை சார்’தான்!”

அக்கா தங்கையைப் பார்த்தாள். “ஏண்டி, அவர் கூப்பிட்டாரா?”

“பயமா இருந்துச்சுக்கா. தானா நின்னுடும்னு நினைச்சேன்.” தங்கையின் கண் கலங்கிவிட்டது.

டாக்டரம்மா அறிக்கையைப் படித்து முடித்தார். முகம் மலர்ந்தது.

“காது இருக்கும்மா, நல்லாவே இருக்கு. வேற எங்கயும் பரவலை. இது சொன்னா கேட்கிற ரகம்தான்.”

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப என்னைவிட அந்தக் கட்டியே தேவலை டாக்டர்” என்று முணுமுணுத்தாள்.

மாப்பிள்ளை படத்தை விட்டுத் திரும்பினார். வந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

“உங்கக்காவுக்குச் சரியா கேட்கலை போலிருக்கு. இன்னொரு தடவை சத்தமா சொல்லு.”