தோளில் இருந்த குட்டி இரண்டு

டீச்சர் ஒருவர் கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்த கணக்கு வினாத்தாளில் பத்து என்றொரு எண் இருந்தது. அதன் தோளில் ஒரு குட்டி இரண்டு உட்கார்ந்திருந்தது. குட்டி மேலே இருக்கும்வரை இருவரும் சேர்ந்து பத்தின் வர்க்கம், அதாவது நூறு.

எழுத்துகளை ஒரே அளவாக்கும் பொத்தானுக்கு அந்தக் குட்டியைக் கண்டாலே ஆகாது. டீச்சரின் விரல் பட்டதுதான் தாமதம், "எல்லாரும் தரையில நிக்கறப்ப உன் பிள்ளைக்கு மட்டும் என்ன சிம்மாசனமா?" என்று அதை இழுத்துப் பத்தின் பக்கத்தில் நிறுத்திவிட்டது.

பத்து அலறியது. "அடப்பாவி! இப்ப எங்களை நூற்றிரண்டுன்னுல்ல படிப்பாங்க! நாளைக்குப் பரீட்சை. பிள்ளைங்க இதை வெச்சுத்தானே கணக்குப் போடும்?"

"ரெண்டு கூடத்தானே கிடைச்சிருக்கு? எதுக்கு இந்தக் கூப்பாடு? வரி எவ்வளவு அழகா இருக்கு, பாரு!"

அந்த நேரம் பிழை பார்க்கும் சிவப்புக் கோடு நெளிந்து நெளிந்து வந்தது. பத்து ஓடிப்போய் மறித்தது. "ஐயா, என் பிள்ளையை இறக்கிவிட்டுட்டாங்க. எங்களுக்கு அடியில ஒரு கோடு போடுங்க. டீச்சர் பார்த்துச் சரிபண்ணிடுவாங்க."

சிவப்புக் கோடு இருவரையும் ஏற இறங்கப் பார்த்தது. "நூற்றிரண்டு. நல்ல எண்தானேம்மா, இதுல என்ன தப்பு?"

"எண்ணுல தப்பில்லை ஐயா. ஆனா அது நாங்க இல்லையே!"

சிவப்புக் கோடு அதற்குள் தாளின் கடைசிக்கே போய், பிழையில்லாமல் இருந்த எமரன்சியா என்ற டீச்சரின் பெயருக்கு அடியில் சொகுசாகப் படுத்துக்கொண்டது.